டார்ட்டர் சாஸ்: பினாங்கில் வீட்டில் சமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் மேற்கத்திய உணவு விற்கும் ஒட்டுக்கடை எதில் மீனும் உருளைக்கிழங்கும் கேட்டாலும், தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் வெள்ளை சாஸ் வரும். நம்மில் பலருக்கு டார்ட்டர் சாஸோடு உள்ள பழக்கம் அவ்வளவுதான். வீட்டில் முறையாகச் செய்து பார்த்தால் அதன் ருசியே வேறு. நம் கடலில் கிடைக்கும் மீனுக்கும், நம் சந்தையில் கிடைக்கும் புளிப்புக்கும் அது அருமையாகப் பொருந்தும். புதிதாகச் செய்யத் தொடங்குகிறவர்களுக்கு வரும் சந்தேகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டார்ட்டர் சாஸ் என்பது என்ன? மயோனைஸில் வெங்காயம் போட்டால் போதாதா?

போதாது. மயோனைஸ் அதற்கு அடித்தளம் மட்டுமே. அதில் பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய், கேப்பர்ஸ், சின்ன வெங்காயம், பார்ஸ்லி போன்ற வாசனைத் தழை, கொஞ்சம் கடுகு விழுது, எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் எல்லாம் சேர வேண்டும். பொரித்த மீனில் எண்ணெய் இருக்கிறது. மயோனைஸும் முக்கால்வாசி எண்ணெய்தான். அந்த இரண்டையும் தாங்கி நிற்க நல்ல புளிப்பு வேண்டும், பல்லில் நறுக்கென்று கடிபடவும் ஏதாவது வேண்டும். இந்த இரண்டும் இல்லாத சாஸை எந்தப் பெயரில் விற்றாலும் நான் டார்ட்டர் என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

இது எந்த ஊர்ச் சமையல்?

பிரான்ஸ். பழைய பிரெஞ்சு முறையில் பச்சை முட்டைக்குப் பதிலாக அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மசித்து, அதில் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு அடிப்பார்கள். பிரெஞ்சுச் சமையலை ஒழுங்குபடுத்திய எஸ்கொஃபியே 1903இல் வெளியிட்ட நூலில் உள்ள செய்முறையும் அப்படித்தான்: எட்டு அவித்த மஞ்சள் கரு, ஒரு லிட்டர் எண்ணெய், வினிகர், இடித்த வெங்காயத்தாள். இன்று நாம் அவசியம் என்று நினைக்கும் ஊறுகாயும் கேப்பர்ஸும் அதில் இல்லை. ஆகவே 'இதுதான் அசல்' என்று ஒரே ஒரு செய்முறையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டியதில்லை.

மலாயாவில் இந்த வகைச் சாப்பாட்டைப் பரப்பியதில் சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்த சமையல்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆங்கிலேயர் வீடுகளிலும் ஹோட்டல்களிலும் கப்பல்களிலும் வேலை பார்த்தவர்கள் பிறகு சொந்தமாகக் கடை திறந்தார்கள். சிக்கன் சாப், பொரித்த மீன், ஊர்ஸ்டர் சாஸ் எல்லாம் கோப்பித்தியாம் எனும் காப்பிக் கடைகளுக்குள் வந்தது அந்த வழியில்.

ரெமுலாட் என்று ஒன்று சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. ரெமுலாடும் பிரெஞ்சுச் சமையலில் பிறந்த, மயோனைஸை அடிப்படையாகக் கொண்ட புளிப்புச் சாஸ்தான். அதில் கடுகு தூக்கலாக இருக்கும். நெத்திலி போன்ற ஆன்சோவி மீனை உப்பில் ஊறவைத்து, அந்த விழுதையும் சிலர் சேர்ப்பார்கள். டார்ட்டர் பெரும்பாலும் மீனோடு நின்றுவிட்டது. ரெமுலாட் ஊர் ஊராகப் போய் அங்கங்கே வேறு வேறு உருவம் எடுத்தது.

பிரான்ஸில் செலரியாக் என்ற கிழங்கைத் தீக்குச்சி போலச் சீவி, கடுகு போட்ட மயோனைஸில் புரட்டிக் குளிராகச் சாப்பிடுகிறார்கள். டென்மார்க்கில் ரெமுலாட் மஞ்சள் நிறம். நறுக்கிய காய்கறி ஊறுகாயோடு மஞ்சளோ கறித்தூளோ சேரும். பொரித்த மீன், ரொட்டி மேல் வைத்த மாட்டிறைச்சி, தெருவோர ஹாட்டாக் என எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அது வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் மிளகாய்த்தூளும் பாப்ரிகாவும் சேர்த்துச் சிவப்பாகச் செய்து, வேகவைத்த இறாலின் மேல் ஊற்றுகிறார்கள்.

நம் வீட்டுக்கு இந்த டென்மார்க் வகை மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. டார்ட்டர் செய்து முடித்ததும் அரைத் தேக்கரண்டி கறித்தூளைச் சூடான எண்ணெயில் ஒரு நிமிடம் காட்டி, ஆறவைத்துக் கலந்து பாருங்கள். பச்சையாகப் போட்டால் தூள் வாடை அடிக்கும். எண்ணெயில் காட்டினால் அந்தக் குறை இருக்காது. பிரெஞ்சுக்காரர்களின் செலரியாக் இங்கே எளிதில் கிடைக்காது. அதற்குப் பதில் பொப்பியாவிலும் ரோஜாக்கிலும் போடும் செங்குவாங் கிழங்கை மெல்லிசாகச் சீவி, உப்புப் போட்டுப் பிழிந்துவிட்டுச் சாஸில் புரட்டலாம். வெயில் நேரத்துக்கு அவ்வளவு இதமான பக்க உணவு வேறு எனக்குத் தெரியவில்லை.

கடையில் தரும் சாஸ் ஏன் இனிக்கிறது?

இங்கே விற்கும் மயோனைஸ் பலவற்றில் சர்க்கரை தாராளமாக இருக்கிறது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் சேர்மானப் பட்டியலில் அது முன்வரிசையிலேயே நிற்கும். கடைக்காரர் அதில் கொஞ்சம் வெங்காயமும் கேரட்டும் போட்டுத் தருகிறார். அந்த இனிப்பு குழந்தைகளுக்குப் பிடிக்கலாம், ஆனால் மீனின் சுவையை மூடிவிடும்.

இனிப்பு மயோனைஸ்தான் கையில் இருக்கிறது என்றால் சரிசெய்ய வழி உண்டு. கட்டித் தயிரை மெல்லிய துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு நீரை வடித்து, மூன்று பங்கு மயோனைஸுக்கு ஒரு பங்கு தயிர் கலந்துகொள்ளுங்கள். அப்புறம் கடுகு விழுதையும் எலுமிச்சைச் சாற்றையும் சற்றுக் கூட்டுங்கள். ஜப்பானிய வகை மயோனைஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. கியூப்பி நிறுவனம் 1925இல் விற்கத் தொடங்கிய அந்த வகையில் முழு முட்டைக்குப் பதில் மஞ்சள் கரு மட்டுமே சேர்கிறது. அதனால் சுவை அடர்த்தியாக இருக்கும், இனிப்பும் முன்னால் வந்து நிற்காது.

சரி, அளவுகளைச் சொல்லுங்கள்.

நான்கு பேருக்கு ஒரு கப் மயோனைஸ் போதும். அதற்கு மூன்று மேசைக்கரண்டி நறுக்கிய வெள்ளரி ஊறுகாய், ஒரு மேசைக்கரண்டி கேப்பர்ஸ், ஒரு மேசைக்கரண்டி பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி பார்ஸ்லி, ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அப்போது பொடித்த மிளகு. உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்துப் போடுங்கள். ஊறுகாயிலும் கேப்பர்ஸிலும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

எல்லாவற்றையும் கையால் நறுக்குங்கள். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால்கூடச் சாறு இறங்கி, பச்சை நிறக் கூழாகிவிடும். வெள்ளரி ஊறுகாயை நறுக்கியபின் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிழிந்துவிட்டுத்தான் போட வேண்டும். பல வீடுகளில் இந்தச் சாஸ் நீர்த்துப்போவதற்கு இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பதுதான் காரணம். உப்பு பட்டதும் காய்க்குள் இருக்கும் நீர் வெளியே வரும். அதை முன்கூட்டியே எடுத்துவிட்டால் சாஸ் கெட்டியாக நிற்கும். கலந்தபின் குளிர்ப்பெட்டியில் அரை மணி நேரமாவது இருக்கட்டும். அதற்குள் வெங்காயத்தின் காரம் தணிந்து எல்லாம் ஒன்றுசேரும்.

மயோனைஸை வீட்டிலேயே அடிக்கலாமா? எந்த எண்ணெய் நல்லது?

தாராளமாக அடிக்கலாம். எண்ணெய் விஷயத்தில் மட்டும் மலேசியாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் பொதுவாக இருப்பது பாமாயில். மானிய விலையில் பொட்டலமாகக் கிடைப்பதும் அதுதான். பொரிப்பதற்கு அது மிக நல்ல எண்ணெய். ஆனால் அதில் மயோனைஸ் செய்து குளிர்ப்பெட்டியில் வைத்தால், குளிரில் எண்ணெயின் ஒரு பகுதி உறைந்து சிறு படிகங்களாகும். அந்தப் படிகங்கள் எண்ணெய்த் துளிகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய படலத்தைக் குத்திக் கிழித்துவிடும். வெளியே எடுத்ததும் எண்ணெய் தனியாகவும் நீர் தனியாகவும் நிற்கும். முதல் நாள் நன்றாக வந்தது மறுநாள் உடைந்துபோகிறது என்று வருத்தப்படுகிறவர்கள் எண்ணெயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சூரியகாந்தி, சோளம், கனோலா இவற்றில் எதுவும் சரி. எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெயைக் கலக்கும் கருவியில் வேகமாக அடித்தால் கசப்பு ஏறும். நல்லெண்ணெயின் மணம் இந்தச் சாஸுக்கு ஒத்துவராது.

செய்முறை எளிது. ஒரு மஞ்சள் கரு, ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, ஒரு மேசைக்கரண்டி வினிகர், சிட்டிகை உப்பு. இவற்றை அடித்துக்கொண்டே 150 மில்லி எண்ணெயை, முதலில் துளித்துளியாகவும் கெட்டிப்படத் தொடங்கியதும் மெல்லிய தாரையாகவும் விடுங்கள். எண்ணெயும் நீரும் சேராது என்பது நமக்குத் தெரியும். மஞ்சள் கருவில் உள்ள லெசித்தினும் புரதங்களும் ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றி நின்று அவற்றை ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுக்கின்றன. கடுகும் இதற்குத் துணை செய்கிறது. முட்டை, வினிகர், எண்ணெய் எல்லாம் அறை வெப்பத்தில் இருந்தால் கை வலிக்காமல் வேலை முடியும்.

பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள், நோயிலிருந்து தேறுகிறவர்கள் இருக்கும் வீட்டில் கடையில் வாங்கிய மயோனைஸையோ, பாஸ்சுரைஸ் செய்த முட்டையையோ பயன்படுத்துங்கள். எஸ்கொஃபியே சொன்ன அவித்த மஞ்சள் கரு முறையும் இவர்களுக்குப் பொருந்தும். கெட்டியாகும் வரை அவித்த முட்டை என்பதால் பயமில்லை, சாஸும் கொஞ்சம் மணல் மணலாக, தனி ருசியோடு வரும்.

அடிக்கும்போதே திரிந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். எண்ணெய் அவசரமாக விழுந்திருக்கும். சுத்தமான வேறு கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி கடுகு விழுதையும் ஒரு தேக்கரண்டி வெந்நீரையும் போட்டு அடித்துக்கொண்டே, திரிந்ததை ஒரு கரண்டி ஒரு கரண்டியாகச் சேருங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் இன்னொரு மஞ்சள் கருவிலிருந்து தொடங்குங்கள். மீண்டும் கூடிவரும்.

கேப்பர்ஸ் என்பது என்ன? கிடைக்காவிட்டால்?

மத்தியதரைக் கடல் ஓரங்களில் வளரும் ஒரு முட்செடியின் மலராத மொட்டு. பறித்து உப்பிலோ வினிகரிலோ ஊறவைப்பார்கள். பெரிய பேரங்காடிகளில் சின்னக் கண்ணாடிப் புட்டியில் கிடைக்கும். நம் ஊர்ப்பக்கம் வற்றல் போடும் ஆதண்டங்காய் இருக்கிறதே, அந்த ஆதண்டைக் கொடியும் இதே இனம்தான். ஆனால் ஆதண்டை வற்றலைச் சாஸில் போடச் சொல்லவில்லை. அதன் கசப்பு வத்தக்குழம்புக்குத்தான் அழகு.

கேப்பர்ஸ் இல்லை என்றால் பச்சை ஆலிவ் காயை நறுக்கிப் போடலாம். இல்லாவிட்டால் வினிகரில் ஊறிய பச்சை மிளகாய். மீ கடைகளில் தருவார்களே, அதைப் பொடியாக அரிந்து போட்டால் புளிப்பும் கிடைக்கும், இலேசான காரமும் வரும். எனக்கு இது கேப்பர்ஸைவிடவே பிடிக்கும்.

கெர்கின் எனப்படும் வெள்ளரி ஊறுகாய்க்கு மாற்று உண்டா?

வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். சின்ன வெள்ளரியை விதை நீக்கி, உப்புத் தடவி அரை மணி வைத்துப் பிழியுங்கள். ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு தண்ணீர், கொஞ்சம் உப்பு, கொஞ்சமே கொஞ்சம் சர்க்கரை, சில கடுகு மணிகள் சேர்த்துக் கொதிக்கவைத்து வெள்ளரி மேல் ஊற்றுங்கள். மறுநாள் தயார்.

சௌரஸ்தா சந்தைப் பக்கம் போனால் பழ ஊறல்கள் வரிசையாக இருக்கும். மாங்காய், ஜாதிக்காய், நெல்லிக்காய், அம்ப்ரா எல்லாம் பார்க்கவே நாக்கில் நீர் ஊறும். அவற்றில் இனிப்பில்லாத மாங்காய் ஊறல் மட்டும் டார்ட்டருக்குச் சரிப்படும். ஜாதிக்காய் ஊறல் பினாங்கின் பெருமை, ஆனால் இனிப்பும் வாசனையும் அதிகம். அதை அப்படியே தின்பதுதான் சிறப்பு.

எலுமிச்சைக்குப் பதில் லிமாவ் கஸ்தூரி என்ற சின்னப் புளிப்புப் பழம் போடலாமா?

போடலாம், போட வேண்டும் என்றே சொல்வேன். அதன் மணம் இறாலோடு மிக நன்றாகச் சேரும். சாற்றைப் பிழியுமுன் தோலை மெல்லிசாகத் துருவிக் கொஞ்சம் சேருங்கள். விதைகள் விழாமல் வடிகட்டுங்கள், கடிபட்டால் கசக்கும்.

எந்த மீன் வாங்குவது? கடையில் 'டோரி' என்கிறார்களே?

சாஸைவிட இந்தக் கேள்வி முக்கியம். மீன் சரியில்லாவிட்டால் எந்தச் சாஸும் அதைக் காப்பாற்றாது.

கடைகளில் டோரி என்ற பெயரில் வரும் உறைந்த துண்டுகள் பெரும்பாலும் பங்காசியஸ் என்ற ஆற்று மீன். மலாயில் பாத்தின் என்று சொல்லும் வகை. கடலில் பிடிக்கும் உண்மையான ஜான் டோரி வேறு. பாத்தின் கெட்ட மீன் இல்லை, முள் இல்லை, விலையும் குறைவு. ஆனால் சதை மெத்தென்று, சுவை மங்கலாக, உறைநீர் நிறைய விடும்.

பினாங்கில் இருந்துகொண்டு அதோடு நிறுத்திக்கொள்வது வருத்தமான விஷயம். காலையில் ஆயர் ஈத்தாம் சந்தைக்கோ பூலாவ் தீக்கூஸ் சந்தைக்கோ போனால் செனாங்கின் கிடைக்கும், நாம் காலா என்று சொல்லும் மீன். மாவில் தோய்த்துப் பொரிக்க இதைவிட நல்ல மீன் எனக்குத் தெரியாது. சதை இதழ் இதழாகப் பிரியும், ஈரம் நிற்கும், தனி இனிப்பு உண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த குராவ் இன்னும் உயர்ந்தது, விலையும் அப்படியே. அன்றாடத்துக்கு சியாக்காப், அதாவது கொடுவா, நல்ல தேர்வு. கடலில் கூண்டுகளில் வளர்ப்பதால் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. மீன்காரரிடம் சொன்னால் முள்ளெடுத்து, தோல் உரித்து, சதையைத் தனியாகத் தருவார். தலையையும் முள்ளையும் விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள், மறுநாள் ரசத்துக்கோ குழம்புக்கோ ஆகும். தெங்கிரி எனப்படும் வஞ்சிரத்தை மாவில் தோய்க்க வேண்டாம். அது மசாலா தடவி வட்டத் துண்டாகப் பொரிக்கத்தான். கெம்போங், அதாவது கானாங்கெளுத்தியும், இதற்கு ஆகாது. எண்ணெயும் முள்ளும் அதிகம்.

பொரிக்கும் முறையும் சொல்லிவிடுகிறேன். மீனை இரண்டு விரல் தடிமனுக்கு வெட்டி, உப்பு தூவிப் பத்து நிமிடம் வைத்து, துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். முக்கால் பங்கு கோதுமை மாவு, கால் பங்கு அரிசி மாவு, ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர், நன்றாகக் குளிர்ந்த சோடா. தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்து, கரைத்த கையோடு பொரிக்க வேண்டும். எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் ஒரு துளி மாவை விட்டுப் பாருங்கள்; உடனே மேலே வந்து சளசளக்க வேண்டும். எடுத்ததும் தாளில் படுக்கவைக்காமல் கம்பித் தட்டில் வையுங்கள். தாளில் வைத்தால் அடிப்பக்கம் ஆவியில் நமுத்துவிடும். சாஸை மீன் மேல் ஊற்றாதீர்கள், பக்கத்தில் வையுங்கள்.

மீனைத் தவிர வேறு எதற்கு இதைத் தொட்டுக்கொள்ளலாம்?

மீன் கட்லெட், இறால் வடை, பொரித்த கணவாய், வேகவைத்த நண்டு எல்லாவற்றுக்கும். அவித்த உருளைக்கிழங்கைச் சூடாக இருக்கும்போதே சதுரமாக வெட்டி, ஒரு கரண்டி வினிகர் தெளித்து, ஆறியதும் டார்ட்டரில் புரட்டினால் சாதாரண உருளைக்கிழங்கு சாலட்டைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கும். மீந்த பொரித்த மீனை ரொட்டியில் வைத்து, கோஸ் சீவிப் போட்டு, மேலே இதைத் தடவிக் கொடுத்தால் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை மதியம் முடிந்துவிடும். மெக்டொனால்ட்ஸின் ஃபிலே-ஓ-ஃபிஷ் ஏறக்குறைய இந்தச் சேர்க்கைதான். 1962இல் சின்சினாட்டியில் லூ க்ரோன் என்ற கடை உரிமையாளர், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்ணாத கத்தோலிக்க வாடிக்கையாளர்களுக்காக அதை உருவாக்கினார். தவக்கால வெள்ளிகளில் மீன் சமைக்கும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் இந்தச் சாஸ் உதவும்.

கோழிக்கு ஜப்பானியர்கள் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். மியாசாக்கி பகுதியின் சிக்கன் நான்பான்: பொரித்த கோழியை இனிப்பும் புளிப்புமான வினிகர் சாற்றில் முக்கி எடுத்து, அவித்த முட்டை நிறையப் போட்ட டார்ட்டரை மேலே குவித்துத் தருவார்கள். சூடான சோற்றோடு சாப்பிட நன்றாக இருக்கும்.

சம்பால் மீனுக்கும், மீன் குழம்புக்கும், நாசி கண்டாருக்கும் வேண்டாம். அங்கே புளியும் மிளகாயும் அந்த வேலையை ஏற்கெனவே செய்துவிட்டன. மசால் வடைக்கும் தேங்காய்ச் சட்னியே போதும்.

புரட்டாசியில் முட்டை சேர்ப்பதில்லை. செய்ய முடியுமா?

முடியும், இரண்டு வழி. ஒன்று பால்: நன்கு குளிர்ந்த பால் அல்லது சோயா பால் 100 மில்லி, எண்ணெய் 200 மில்லி. உயரமான குவளையில் ஊற்றி, கையில் பிடிக்கும் கலக்கும் கருவியின் தலையை அடியில் வைத்து இயக்கி மெதுவாக மேலே தூக்குங்கள். கெட்டியானபின் எலுமிச்சைச் சாறும் கடுகு விழுதும் சேருங்கள். பசும்பால் என்றால் எலுமிச்சையை முன்கூட்டியே ஊற்ற வேண்டாம், திரியும்.

இன்னொன்று கொண்டைக்கடலை வேகவைத்த நீர். நவராத்திரி சுண்டலுக்குக் கடலை வேகும் வீட்டில் இதைக் கீழே கொட்ட வேண்டியதில்லை. உப்புப் போடாமல் வேகவைத்து, நீரை முட்டை வெள்ளை போல வழவழப்பாகும் வரை சுண்டவைத்து ஆறவிடுங்கள். மூன்று மேசைக்கரண்டிக்கு 150 மில்லி எண்ணெய் பிடிக்கும். பாலும் சேர்க்காதவர்களுக்கு இதுவோ சோயா பாலோ வழி.

தொட்டுக்கொள்ள மாவில் தோய்த்துப் பொரித்த சிப்பிக் காளான், வாழைப்பூ, நீளமாக வெட்டிய தெம்பே. பூண்டு வெங்காயம் தவிர்ப்பவர்கள் வெங்காயத்தை விட்டுவிட்டு, பொடியாக நறுக்கிய பச்சை மாங்காய் போடுங்கள். கடிப்பும் புளிப்பும் இரண்டுமே வந்துவிடும்.

ஹலால் பற்றிக் கவனிக்க வேண்டியது என்ன?

விருந்தினரில் இஸ்லாமியர் இருந்தால் கடுகு விழுதையும் வினிகரையும் பாருங்கள். பிரெஞ்சு டிஜோன் கடுகு விழுதில் வெள்ளை ஒயின் சேர்ப்பதுண்டு. சில வெள்ளரி ஊறுகாய்கள் ஒயின் வினிகரில் ஊறியவை. ஜாக்கிம் என்ற மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையின் ஹலால் முத்திரை உள்ளதை வாங்கிவிட்டால் குழப்பமில்லை. கடுகு விழுதை வீட்டிலும் செய்யலாம். நம் தாளிப்புக் கடுகை இரவு முழுதும் சாதாரண அரிசி வினிகரில் ஊறவைத்து, உப்புச் சேர்த்து அரைத்து, இரண்டு நாள் குளிர்ப்பெட்டியில் வைத்தால் முதல் கசப்பு அடங்கிவிடும்.

எத்தனை நாள் தாங்கும்? தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் வெளியே வைக்கலாமா?

பச்சை முட்டையில் செய்தது என்றால் குளிர்ப்பெட்டியில் இரண்டு மூன்று நாள். கடை மயோனைஸில் செய்தது நான்கு நாள் வரை. பாட்டிலில் உள்ள மயோனைஸ் வாரக்கணக்கில் நிற்கிறதே என்று கேட்கலாம். நீங்கள் போட்ட பச்சை வெங்காயமும் தழையும் அந்தக் கணக்கை மாற்றிவிடுகின்றன.

வெளியே வைப்பதில் கண்டிப்பாக இருங்கள். இரண்டு மணி நேரம்தான் எல்லை. கூடாரத்தின் கீழ் 32 டிகிரிக்கு மேல் போகும் நம் மதிய வெயிலில் ஒரு மணி நேரம். பெரிய பாத்திரத்தில் பனிக்கட்டி கொட்டி, அதன் மேல் சின்னக் கிண்ணத்தை வையுங்கள். ஒரே கிண்ணமாக நிறைய வைக்காமல், தீரத் தீரக் குளிர்ப்பெட்டியிலிருந்து புதிதாக எடுத்து வையுங்கள். மிச்சமானதைப் புதியதோடு கலக்கக் கூடாது. தப்பாவ் கட்டும்போதும் சூடான மீனோடு ஒரே பெட்டியில் சாஸை மூடி வைக்காதீர்கள்.

உறையவைத்து எடுத்து வைக்கலாமா?

கூடாது. உருகும்போது எண்ணெய் பிரிந்துவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

இனிப்பில்லாத மயோனைஸில் மாவுச்சத்து மிகக் குறைவு. அதனால் சாஸைவிட மீன் மேல் உள்ள மாவும் பக்கத்தில் உள்ள உருளைக்கிழங்கும்தான் சர்க்கரையை ஏற்றும். அதே நேரம் ஒரு மேசைக்கரண்டி முழுக் கொழுப்பு மயோனைஸில் ஏறக்குறைய 90 முதல் 100 கலோரி இருக்கிறது. எடையையும் கொழுப்பையும் கவனிப்பவர்கள் பாதி மயோனைஸ், பாதி வடித்த தயிர் என்று செய்யலாம். புளிப்பு கூடுவதால் எலுமிச்சையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மீனைப் பொரிக்காமல் வாழையிலையில் வைத்துச் சுட்டாலும் இந்தத் தயிர் டார்ட்டர் பொருந்தும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேப்பர்ஸையும் ஊறுகாயையும் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். முட்டை, கடுகு, சோயா ஒவ்வாமை உள்ள விருந்தினரிடம் என்னென்ன சேர்த்தோம் என்று சொல்லிவிடுவது நல்லது.

சூடுபடுத்தலாமா?

அடுப்பில் வைக்க வேண்டாம், பிரிந்துவிடும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்துப் பரிமாறினால் போதும். மீன் சூடாகவும் சாஸ் குளிராகவும் இருக்க வேண்டும்; ஆகவே சாஸை முதலில் முடித்து வைத்துவிட்டு, எல்லோரும் மேசைக்கு வந்த பிறகு மீனை எண்ணெயில் போடுங்கள்.